ஆண்டுதோறும் ஒரு திகில் சிறுகதைத் தொகுப்பு: அழைப்பிலிருந்து அச்சு வரை

தனியாகப் படித்தபோது தூக்கிவாரிப்போட்ட கதை, தொகுப்பில் ஒன்பதாவதாக வரும்போது சத்தமில்லாமல் கடந்துபோய்விடும். கதை மோசமாகிவிட்டது என்று பொருளல்ல. அதற்குள் வாசகர் எட்டு முறை பயந்திருக்கிறார். 'இவளும் செத்துப்போனவள்தான்' என்று மூன்றாம் பத்தியிலேயே கணித்துவிடுகிறார். காதல் கதைத் தொகுப்புக்கோ பயணக் கதைத் தொகுப்புக்கோ இந்தச் சிக்கல் இவ்வளவு கடுமையாக வராது. பயம் மட்டும் சீக்கிரம் பழகிப்போகும். ஆகவே திகில் தொகுப்பாசிரியருக்கு நல்ல கதைகளைச் சேர்ப்பது பாதி வேலைதான். கடைசிப் பக்கம் வரைக்கும் வாசகருக்குப் பயம் பழகாமல் பார்த்துக்கொள்வது மீதிப் பாதி. அழைப்பு எழுதுவது, வரிசை அமைப்பது, பக்க வடிவமைப்பு, அட்டையின் பின்புறக் குறிப்பு என எல்லாவற்றையும் இந்த ஒரு கண்ணால் பார்க்க வேண்டும்.

முதலில் எந்த வகை என்று முடிவெடுங்கள்

ஆண்டுத் தொகுப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று, அந்த ஆண்டில் ஏற்கெனவே வெளிவந்த கதைகளில் சிறந்தவற்றைத் தேர்ந்தெடுத்து மறுபிரசுரம் செய்வது. மற்றொன்று, இதுவரை எங்கும் வராத புதிய கதைகளைக் கேட்டு வாங்கிப் போடுவது. இரண்டையும் ஒரே புத்தகத்தில் கலக்கலாம். ஆனால் முதல் ஆண்டில் கலக்காதீர்கள். உரிமை, பணம், காலக்கெடு மூன்றும் இரண்டு வகைக்கும் வேறுவேறு.

மறுபிரசுரத் தொகுப்பு என்றால் 'ஆண்டு' என்பதற்கு வரையறை வேண்டும். ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை முதன்முதலாக வெளிவந்தவை என்று எழுதிவிடலாம். டிசம்பரில் கடைக்கு வரும் ஜனவரி இதழை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? இதழில் அச்சிட்ட தேதியா, கைக்குக் கிடைத்த தேதியா? ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லா ஆண்டும் அதையே பின்பற்றுங்கள். இல்லாவிட்டால் ஒரு நல்ல கதை இரண்டு ஆண்டுக்கும் இடையில் விழுந்து காணாமல் போகும். இந்த வகையில் வாசிப்பு ஆண்டு முழுக்க நடக்க வேண்டும். கதை வந்த வாரமே படித்துக் குறிப்பெடுத்துவிடுங்கள். டிசம்பரில் மொத்தமாக உட்கார்ந்து படித்தால், கடைசியில் படித்தவைதான் நல்லவையாகத் தோன்றும்.

இனி வருவது பெரும்பாலும் புதிய கதைகளைக் கேட்டு வாங்கும் தொகுப்புக்கு.

அளவும் காலமும்

அமெரிக்கத் திகில் எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1842இல் எழுதிய ஒரு விமர்சனத்தில், அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஒரே மூச்சில் படித்து முடிக்கக்கூடியதாகக் கதை இருந்தால்தான் அதன் ஒற்றை விளைவு சிதறாது என்றார். திகிலுக்கு இது இன்றும் அப்படியே பொருந்துகிறது. எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தால் பயம் கலைந்துவிடும். திகில் எழுத்தாளர்களின் சங்கமான ஹாரர் ரைட்டர்ஸ் அசோசியேஷன் வழங்கும் பிராம் ஸ்டோக்கர் விருதில் சிறுகதைப் பிரிவின் எல்லை 7,500 சொல்லுக்குள். அது ஆங்கிலக் கணக்கு. தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே கதை குறைந்த சொல் எண்ணிக்கையில் முடிந்துவிடும். தமிழ்க் கதைக்கு 1,500 முதல் 5,000 சொல் என்று வைத்துக்கொண்டால் போதும். 1,000 சொல்லுக்குள் முடியும் இரண்டு மூன்று குறுங்கதைகளுக்கும் தனியாக இடம் ஒதுக்குங்கள். வரிசை அமைக்கும்போது அவை கைகொடுக்கும்.

15 கதை, சராசரி 3,000 சொல் என்றால் மொத்தம் 45,000 சொல். டெமி என்ற வழக்கமான புத்தக அளவில், 11 புள்ளி எழுத்தில் பக்கத்துக்குச் சுமார் 210 சொல் பிடிக்கும். ஆக 214 பக்கம். முன்பக்கங்களுக்கு 10, ஆசிரியர் குறிப்புகளுக்கு 6, கதை தொடக்கத்திலும் முடிவிலும் விழும் வெற்றிடத்துக்கு 10 சேர்த்தால் 240. பதினாறு பக்க ஃபாரத்தில் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள்) சரியாக 15 ஃபாரம். கதைகளைத் தேர்ந்தெடுக்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். ஐந்து பக்கத்தை நீங்கள் பயன்படுத்தப்போகும் எழுத்துருவிலேயே அமைத்து, பக்கத்துக்கு எத்தனை சொல் வருகிறது என்று எண்ணிப்பாருங்கள். எழுத்துருவுக்கு எழுத்துரு நல்ல வித்தியாசம் இருக்கும். கடைசி நேரத்தில் 243 பக்கம் என்று வந்து நின்றால், மூன்று பக்கத்துக்காக இன்னொரு ஃபாரமோ அரை ஃபாரமோ ஓட்ட வேண்டிவரும்.

வெளியீட்டுத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அழைப்பு திறந்திருக்க 8 வாரம், வாசிப்புக்கு 8, இரண்டாம் வாசிப்புக்கு 2, செம்மையாக்கத்துக்கு 10, வடிவமைப்புக்கு 5, மெய்ப்புக்கு (அச்சுக்கு முன் பிழை பார்ப்பது) 3, அச்சுக்கும் பைண்டிங்குக்கும் 4. கூட்டினால் 40. ஆண்டின் மீதி 12 வாரத்தில் அழைப்பைத் தயாரிக்க நான்கை எடுத்துக்கொண்டு எட்டைத் தொடாமல் வையுங்கள். அந்த எட்டும் கண்டிப்பாகச் செலவாகும். பெரும்பாலும் செம்மையாக்கத்தில்தான் போகும். திருத்தங்களோடு அனுப்பிய கதை ஆசிரியரிடமிருந்து திரும்பி வரும் நாள் உங்கள் கையில் இல்லை.

அழைப்பு

'திகில் கதைகள் வரவேற்கப்படுகின்றன' என்று மட்டும் போட்டால் வருவதில் பெரும்பகுதி கொலைத் துப்பறியும் கதையாக இருக்கும். தமிழில் திகில், மர்மம், அமானுஷ்யம் மூன்றும் ஒன்றுக்கு மாற்றாக ஒன்று புழங்குகிற சொற்கள். ஆகவே அழைப்பிலேயே வேறுபாட்டை எழுதிவிடுங்கள். மர்மக் கதையில் வாசகர் விடை தேடுகிறார். விடை கிடைத்ததும் நிம்மதியாகிறார். நாம் கேட்பது, விடை கிடைத்த பிறகும் நிம்மதி வராத கதை. இந்த மூன்று வாக்கியம், பொருந்தாத கதைகளைப் பெருமளவு வாசலிலேயே நிறுத்திவிடும்.

அழைப்பில் விடாமல் எழுத வேண்டியவை இவை:

- குறைந்தபட்ச, அதிகபட்சச் சொல் எண்ணிக்கை. 'சுமார்' என்று எழுதாதீர்கள்.
- கோப்பு வடிவம்: வேர்ட் அல்லது கூகுள் டாக், ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துரு மட்டும். பிடிஎஃப், புகைப்படம் கூடாது.
- ஆசிரியர் பெயர் கதைக் கோப்புக்குள் வரக் கூடாது. தனி மின்னஞ்சலில் மட்டும்.
- கடைசித் தேதியும் நேரமும், எந்த நேர வலயம் என்பதும். வெளிநாட்டிலிருந்து அனுப்புவோர் உண்டு.
- அதே கதையை வேறு இடத்துக்கும் அனுப்பியிருக்கலாமா, முகநூலிலோ வலைப்பூவிலோ வந்த கதை ஏற்கப்படுமா, செயற்கை நுண்ணறிவு எழுதிய பகுதி இருக்கலாமா என்ற மூன்று கேள்விக்கும் நேரடிப் பதில்.
- சன்மானம் எவ்வளவு, எப்போது. எந்த உரிமை, எத்தனை மாதம்.
- பதில் எந்தத் தேதிக்குள் வரும்.

'வேண்டாதவை' என்று ஒரு பத்தி போடலாமா என்பதில் தொகுப்பாசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. போடலாம், போட வேண்டும். ஆனால் எல்லாம் கனவு, கதைசொல்லியே பேய், கண்ணாடியில் வேறு முகம், இறந்தவரின் எண்ணிலிருந்து அழைப்பு என்று நீண்ட பட்டியல் கொடுத்தால், அவற்றில் ஒன்றைப் புதிதாகக் கையாண்ட நல்ல எழுத்தாளரும் பின்வாங்கிவிடுவார். 'முடிவில் வரும் ஒற்றைத் திருப்பத்தை மட்டும் நம்பி நிற்கும் கதை எங்களுக்குச் சரிவராது' என்று ஒரு வரி எழுதினால் எல்லாம் அதற்குள் அடங்கும். பாலியல் வன்முறை, குழந்தைகள் மீதான கொடுமை ஆகியவற்றில் உங்கள் எல்லை எதுவோ அதை மட்டும் வெளிப்படையாக எழுதுங்கள். அதில் தெளிவின்மை இருந்தால், படிக்கும் உங்கள் குழுவைத்தான் அது பாதிக்கும்.

வாசிப்பும் தேர்வும்

ஒவ்வொரு கதையையும் இரண்டு பேர், பெயர் தெரியாமல், தனித்தனியே படிக்க வேண்டும். ஒருவர் ஒரு நாளில் கவனம் குறையாமல் படிக்கக்கூடியது ஐந்து திகில் கதை. அதற்கு மேல் போனால் வாசகருக்கு நேரும் அதே மரத்துப்போதல் உங்களுக்கும் நேரும். ஆறாவதாக வந்த குற்றத்துக்காக ஒரு நல்ல கதை நிராகரிக்கப்படும். 200 கதை வந்தால் ஒருவருக்கு 40 நாள். அதனால்தான் எட்டு வாரம். ஒரே ஆசிரியர் குழு மதியமும் இரவும் மாற்றி மாற்றிப் படிப்பதும் நல்லது. இரவில் மட்டும் பயமுறுத்தும் கதை, மதியத்திலும் பயமுறுத்தும் கதைக்கு ஒரு படி கீழேதான்.

முதல் வாசிப்பில் மூன்று அடுக்கு: வேண்டாம், இருக்கட்டும், மறுபடி படிக்கணும். மதிப்பெண் போடுவதைவிட இது பயனுள்ளது. பத்துக்கு ஏழு என்பது ஒருவருக்கு ஒன்று, மற்றவருக்கு வேறு. இரண்டு வாரம் கழித்து, கதையைத் திறக்கும் முன், அதன் தலைப்பை மட்டும் பார்த்து மனதில் என்ன காட்சி வருகிறது என்று ஒரு வரி எழுதுங்கள். பின்பு கதையைப் படியுங்கள். தலைப்பைப் பார்த்ததும் எதுவும் நினைவுக்கு வராத கதை, எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், தொகுப்புக்குள் கரைந்துபோகும்.

பயத்தை எப்படி வகைப்படுத்துவது? தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளைப் பற்றிப் பேசும் மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இன்றைய சொல்லில் மனித எல்லைக்கு அப்பாற்பட்டது, மிருகமும் இயற்கையும், தீங்கு செய்யும் மனிதர், நம்மைத் தண்டிக்கும் அதிகாரம். தொகுப்பாசிரியருக்கு இதைவிடக் கச்சிதமான அட்டவணை கிடைக்காது. தன் உடலும் தன் மனமுமே தன்னைக் காட்டிக்கொடுப்பது என்று ஐந்தாவதாக ஒன்றை மட்டும் நாம் சேர்த்துக்கொள்ளலாம். வரும் கதைகளில் அணங்குதான் குவியும். 'இறை' நெடுவரிசை காலியாகவே கிடக்கும். எங்கே காலியாக இருக்கிறது என்று தெரிந்தால், அழைப்பு முடிய மூன்று வாரம் இருக்கும்போதே அந்தப் பக்கம் எழுதக்கூடியவர்களிடம் நேரடியாகக் கேட்கலாம்.

அதே மெய்ப்பாட்டியல் அருவருப்பை இளிவரல் என்ற வேறு மெய்ப்பாட்டில் வைக்கிறது. அச்சம் வேறு, அருவருப்பு வேறு. இங்கிலாந்தின் திகில் நாவலாசிரியர் ஆன் ராட்கிளிஃப் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1826இல் வெளிவந்த கட்டுரையும் இதே கோட்டைத்தான் போடுகிறது: வரப்போவதை எண்ணி நடுங்குவது மனதை விரிக்கிறது, கண்முன் கிடக்கும் கொடூரம் மனதைச் சுருக்கி உறையவைக்கிறது. குடலும் ரத்தமும் வரும் கதைகள் தொகுப்பில் வரலாம். ஆனால் 15க்கு இரண்டு போதும், மூன்று அதிகம். அருவருப்புதான் எல்லாவற்றையும்விட வேகமாகப் பழகிப்போகிறது. அதை நம்பி ஆண்டுத் தொகுப்பு நடத்தினால் ஒவ்வோர் ஆண்டும் முந்தையதைவிடக் கூட்ட வேண்டியிருக்கும். கூட்டிக்கொண்டே போக இடம் இருக்காது.

விரிதாளில் பயத்தின் மூலத்தோடு இவற்றையும் நெடுவரிசையாகப் போடுங்கள்: சொல் எண்ணிக்கை, தன்மையா படர்க்கையா, நடக்கும் இடம், வேகம், முடிவின் வகை (மரணம், தப்புதல், திருப்பம், திறந்த முடிவு), முக்கியப் பாத்திரங்களின் பெயர். பெயர் நெடுவரிசை அற்பமாகத் தெரியும். ஆனால் நான்கு கதையில் நாயகி பெயர் ஒன்றாக இருந்தால், முந்தைய கதையில் செத்தவள் இதில் எழுந்து நடக்கிறாள் என்று வாசகர் மனம் ஒரு நொடி தடுமாறும். ஆசிரியர் சம்மதத்தோடு மாற்றிவிடுங்கள்.

எல்லாக் கதையும் வந்து சேரும் வரை யாருக்கும் 'ஏற்றுக்கொண்டோம்' என்று சொல்லாதீர்கள். முதல் வாரத்தில் வந்த பாழடைந்த பங்களாக் கதையை ஏற்றுவிட்டு, ஏழாம் வாரத்தில் அதைவிடப் பல மடங்கு நல்ல பாழடைந்த பங்களாக் கதை வந்தால் இரண்டில் ஒன்றை இழக்க வேண்டும். 'இறுதிச் சுற்றில் இருக்கிறது, இந்தத் தேதிக்குள் சொல்கிறோம்' என்று எழுதுவது நேர்மையானது.

ஒப்பந்தம்

இரண்டு பக்கத்தில் முடிக்கலாம். காப்புரிமை ஆசிரியருக்கே இருக்கும்; நீங்கள் வாங்குவது முதல் வெளியீட்டு உரிமை மட்டும். வெளியான நாளிலிருந்து 12 மாதம் தனியுரிமை (அதுவரை கதை வேறு எங்கும் வராது), அதன் பிறகு இந்தத் தொகுப்பின் பகுதியாக மட்டும் தொடர்ந்து விற்கும் உரிமை. அச்சு, மின்னூல், ஒலிநூல் மூன்றையும் பெயர் சொல்லித் தனித்தனியே எழுதுங்கள். திரைப்பட உரிமையைத் தொடாதீர்கள். 18 மாதத்துக்குள் புத்தகம் வராவிட்டால் உரிமை தானாகத் திரும்பிவிடும் என்ற வரி கட்டாயம். அது இல்லாத ஒப்பந்தத்தில் நல்ல எழுத்தாளர்கள் கையெழுத்திடத் தயங்குவார்கள், அது நியாயம்தான். தேர்ந்து தொகுத்த அமைப்புக்குத் தொகுப்பாசிரியருக்கும் காப்புரிமை உண்டு. 1886இல் உருவான பன்னாட்டுக் காப்புரிமை ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை அதை ஏற்கிறது. உள்ளே இருக்கும் தனிக் கதைகளின் உரிமையை அது குறைக்காது என்றும் சொல்கிறது.

சன்மானத்தை ஒரே தொகையாகக் கொடுத்துவிடுவது நல்லது. விற்பனையில் பங்கு என்றால் 15 பேருக்குப் பிரித்து, ஆண்டுக்கு இரண்டு முறை கணக்கு அனுப்ப வேண்டும். கணக்கு தாமதமாகும் நாளில் உறவும் கெடும்.

திகிலுக்கே உரிய ஒரு சட்டச் சிக்கல் உண்டு. உண்மையான விடுதி, மருத்துவமனை, வீடு ஒன்றைப் பெயர் சொல்லி 'பேய் இருக்கிறது' என்று எழுதினால் அதன் உரிமையாளர் வழக்குக்கு வரலாம். பெயரை மாற்றச் சொல்லுங்கள். ஊரும் அடையாளமும் கூடக் காட்டிக்கொடுக்கும் என்பதால் அவற்றையும் பாருங்கள். பாடல் வரி மேற்கோளாக வந்தால், அனுமதி வாங்க வேண்டும் அல்லது எடுத்துவிட வேண்டும். 'வானொலியில் பழைய பாட்டு ஒன்று கரகரத்தது' என்பதே போதும்.

செம்மையாக்கம்

இரண்டு சுற்று வையுங்கள். முதல் சுற்றில் கதை; இரண்டாவதில் மொழி. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் நீக்கப்போகும் பத்தியில் ஒற்றெழுத்துத் திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

முதல் சுற்றில் கேட்க வேண்டிய கேள்வி: இந்தக் கதையில் பயமுறுத்தும் அந்தப் 'பொருளுக்கு' என்ன விதி? வாசலைத் தாண்டாதா, பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் வருமா, வெளிச்சத்தில் இருக்குமா? ஆசிரியர் அதைக் கதையில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு தாளில் உங்களுக்கு எழுதித் தர முடிய வேண்டும். எழுத முடியாவிட்டால் கதையின் நடுவில் எங்காவது விதி உடைந்திருக்கும். வாசகருக்கு எங்கே உடைந்தது என்று தெரியாது, பயம் விட்டுப்போனது மட்டும் தெரியும். அடுத்தது கைப்பேசி. இன்றைய கதையில் பாத்திரம் ஏன் யாரையும் அழைக்கவில்லை என்ற கேள்விக்கு 'சிக்னல் இல்லை' என்ற பதில் தொகுப்பு முழுமைக்கும் ஒரு முறைதான் செல்லும். இரண்டாவது கதையில் அதே பதில் வந்தால் வேறு காரணம் கேளுங்கள். அழைத்து, எதிர்முனையில் எடுத்து, அதுவும் உதவாமல் போவதுதான் பெரும்பாலும் அதிகப் பயம்.

பெரும்பாலான கதைகளில் வெட்ட வேண்டிய இடம் ஒன்றேதான்: உச்சத்துக்குப் பிறகு வரும் விளக்கம். அந்த வீட்டில் அறுபது ஆண்டுக்கு முன்னால் என்ன நடந்தது என்று ஒரு முதியவர் வந்து சொல்வார். அதை எடுத்துவிட்டுக் கதை நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லையென்றால் அந்தத் தகவலில் இரண்டே இரண்டை, உச்சத்துக்கு முன்னால், வேறு பேச்சின் நடுவே போட்டுவைக்கச் சொல்லுங்கள்.

மொழிச் சுற்றில் சில சொற்களைத் தேடுபெட்டியில் போட்டு எண்ணுங்கள்: திடீரென்று, உறைந்துபோனான், சில்லிட்டது, நெஞ்சு படபடத்தது, ரத்தம் சுண்டியது, நிசப்தம், அமானுஷ்யமான. ஒரு கதையில் மூன்று தாண்டினால் ஆசிரியருக்குக் குறிப்பு அனுப்புங்கள். தொகுப்பு முழுவதையும் ஒரே கோப்பாக்கியும் எண்ணிப்பாருங்கள்; தனிக் கதையில் தெரியாத சலிப்பு அப்போது தெரியும். ஆச்சரியக்குறியும் மூன்று புள்ளியும் இதே கணக்கில் சேரும். ஓர் எடுத்துக்காட்டு:

'திடீரென்று கதவு படாரெனத் திறந்துகொண்டது! மாலதி பயத்தில் உறைந்துபோனாள்…'

இதை இப்படி மாற்றலாம்:

'கதவு திறந்திருந்தது. பூட்டிய சாவி இன்னும் மாலதியின் கைக்குள் இருந்தது.'

இரண்டாவதில் யாரும் பயந்ததாக எழுதவில்லை. பயப்படும் வேலை வாசகரிடம் போயிருக்கிறது. செம்மையாக்கம் என்பது பெரும்பாலும் இந்த இடமாற்றம்தான்.

வட்டார வழக்கைத் திருத்தி எழுத்துத் தமிழாக்காதீர்கள். பாட்டி ஒருத்தி தன் பேச்சில் சொல்லும் பேய்க்கதைக்கு இருக்கும் நம்பகம், செய்தி வாசிப்பது போன்ற நடையில் இருக்காது. ஒரே கதைக்குள் ஒரே பாத்திரம் இரண்டு வட்டாரமாகப் பேசுகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

வரிசை

ஒவ்வொரு கதைக்கும் ஓர் அட்டை. அதில் தலைப்பு, நீளம், பயத்தின் மூலம், முடிவின் வகை. தரையில் பரப்பி நகர்த்துங்கள். திரையில் செய்வதைவிட இது வேகமானது, மொத்தமும் ஒரே பார்வையில் தெரியும்.

முதல் கதை தொகுப்பிலேயே சிறந்ததாக இருக்க வேண்டியதில்லை. 2,000 முதல் 2,500 சொல்லுக்குள், தெளிவான நடையில், சீக்கிரம் பிடித்துக்கொள்வதாக இருக்க வேண்டும். கடையில் புரட்டிப் பார்ப்பவர் அதைத்தான் படிப்பார். சிறந்த கதைக்குக் கடைசி இடம். புத்தகத்தை மூடிய பிறகு கூடவே வர வேண்டியது அது. இரண்டாவது கதை முதலாவதிலிருந்து முழுக்க விலகியிருக்கட்டும். முதலில் அணங்கு என்றால் இரண்டாவதில் மனிதர். 'இந்தப் புத்தகத்தில் அடுத்து என்ன வரும் என்று சொல்ல முடியாது' என்ற எண்ணம் அந்த இரண்டாவது கதையில்தான் விதைக்கப்படுகிறது. அது விழுந்துவிட்டால் மீதிப் பதின்மூன்றுக்கும் பாதுகாப்பு.

ஒரே வகை முடிவுள்ள இரண்டு கதைக்கு நடுவே குறைந்தது மூன்று கதை இடைவெளி விடுங்கள். திருப்ப முடிவுகள் அடுத்தடுத்து வந்தால் வாசகர் கதை படிப்பதை விட்டுவிட்டுத் திருப்பத்தைத் தேட ஆரம்பிப்பார். மிக நீண்ட கதையை ஒன்பது அல்லது பத்தாம் இடத்தில் வைத்து, அதன் பின்னால் 1,000 சொல் குறுங்கதை ஒன்றைப் போடுங்கள். யாரும் சாகாத, குரல் உயராத ஒரு மெல்லிய கதை ஏழாம் எட்டாம் இடத்தில் வரட்டும். அது பயத்தின் கணக்கை மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவரும். வரிசை முடிந்ததும், ஒவ்வொரு கதையின் கடைசிப் பத்தியையும் அடுத்த கதையின் முதல் பத்தியையும் சேர்த்து உரக்கப் படியுங்கள். ஒன்று மழையில் முடிந்து மற்றொன்று மழையில் தொடங்குவது போன்ற இடறல்கள் காதுக்குத்தான் அகப்படும்.

பக்கத்தில் கெடும் பயம்

வடிவமைப்பாளர் அழகாகச் செய்துவிட்டு, அறியாமலே கதையைக் கொன்றுவிடும் இடங்கள் உண்டு. கடைசி வரி வலப் பக்கத்தின் அடியில் தனியாக நின்றால், பக்கம் திருப்பிய உடனே கண் அங்கே ஓடிவிடும். முக்கியமான திருப்பத்தை இடப் பக்கத்தின் மேற்பகுதிக்குத் தள்ள முடிகிறதா என்று பாருங்கள், அப்போதுதான் தாளைத் திருப்பிய பிறகே அது தெரியும். நடுவே மேற்கோள் பெட்டி போடாதீர்கள். ஓவியம் உண்டென்றால் கதையின் தொடக்கத்தில் மட்டும், அதுவும் இடத்தையோ பொருளையோ காட்டட்டும். பயமுறுத்துவதை வரைந்துவிட்டால் வாசகரின் கற்பனைக்கு வேலை போய்விடும். ஆசிரியர் குறிப்பைக் கதை முடிந்ததும் போடும் வழக்கத்தை விட்டுவிட்டு எல்லாவற்றையும் புத்தகத்தின் பின்னால் சேருங்கள். கடைசி வரியின் அதிர்வு அடங்கும் முன் 'இவர் இரண்டு பூனைகளோடு வசிக்கிறார்' என்று படிப்பது கொடுமை. முன்னுரை எந்தக் கதையின் நிகழ்ச்சியையும் தொடக் கூடாது. மனதைப் புண்படுத்தக்கூடிய உள்ளடக்கம் பற்றிய எச்சரிக்கைகளைக் கதைவாரியாகக் கடைசிப் பக்கத்தில் கொடுத்து, உள்ளடக்கப் பக்கத்தின் கீழே 'தேவைப்படுவோர் இந்தப் பக்கம் பார்க்கவும்' என்று ஒரு வரி போடுங்கள். வேண்டியவருக்குக் கிடைக்கும், மற்றவருக்கு ஒன்றும் உடையாது.

தொழில்நுட்பத்தில் தமிழுக்கே உரிய தொல்லைகள் சில. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் 'வேர்ல்ட்-ரெடி கம்போசர்' என்ற அமைப்பு தேர்ந்தெடுக்கப்படாவிட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் ரகரத்துக்குப் பதில் துணைக்கால், ஔவுக்குப் பதில் ஒ, ள என இரண்டு எழுத்து என்று பிழைகள் ஒளிந்திருக்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியும், தேடினால் அகப்படாது, மின்னூலில் குரல்வழி வாசிக்கும்போது வெளிப்படும். இருபுறமும் நேராக்கிய பத்தியில் நீளச் சொற்களால் வரியில் ஓட்டை விழும். சொல்லை எழுத்து எல்லையில் உடைக்க அனுமதியுங்கள். உயிர்மெய் நடுவில் உடையக் கூடாது, அடுத்த வரி மெய்யெழுத்தில் தொடங்கவும் கூடாது.

உள் ஓரம் 20 மி.மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். பசை போட்டு ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங்கில் முதுகுப் பக்கம் 2–3 மி.மீ. சீவப்படும், இன்னும் கொஞ்சத்தைப் பசை விழுங்கும். முதுகு அகலத்துக்குப் பக்க எண்ணிக்கையில் பாதியைத் தாளின் தடிமனால் பெருக்குங்கள்: 240 பக்கம் என்றால் 120 தாள், தாள் 0.1 மி.மீ. என்றால் 12 மி.மீ. தாளை மாற்றினால் மறுபடி கணக்கிட வேண்டும். அதே 240 பக்கம் பருத்த தாளில் 16 மி.மீ. தாண்டலாம், முன்னட்டை, பின்னட்டையின் ஓரம் முதுகுக்கு வழிந்துவிடும்.

திகில் புத்தக அட்டை பெரும்பாலும் கறுப்பு. கறுப்பில்தான் தவறுகள் அதிகம். நான்கு மையும் (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) முழு அளவில் போட்டால் காயாமல் பின்தாளில் ஒட்டும். மொத்த மை அளவு 300 சதவீதத்தைத் தாண்டாமல் வைக்கச் சொல்லுங்கள். கறுப்பின் மேல் வெள்ளையாக விடும் எழுத்து 8 புள்ளிக்குக் கீழே இருந்தால் மை பரவி மூடிவிடும், மெல்லிய எழுத்துருவில் இன்னும் சீக்கிரம். பளபளப்பில்லாத மேட் லேமினேஷன் போட்ட கறுப்பில் கைரேகையும் கீறலும் பளிச்சென்று தெரியும். கட்டுப்பிரித்த அன்றே பழைய புத்தகம் போல இருக்கும். கீறல் தாங்கும் மேட் கிடைத்தால் அதை எடுங்கள், இல்லையென்றால் பளபளப்பான கிளாஸ் லேமினேஷன். சுற்றிலும் 3 மி.மீ. வெட்டு விளிம்பு (வெட்டும்போது போவதற்காகப் படத்தை நீட்டி விடுவது). உள் பக்க எழுத்து எல்லாம் ஒற்றைக் கறுப்பில்தானா என்று பிடிஎஃப்பில் சரிபாருங்கள்.

அச்சுக்கும் மின்னூலுக்கும் தனித்தனி ஐஎஸ்பிஎன் (புத்தக அடையாள எண்). ஆண்டுதோறும் அதே பெயரில் வரப்போகிறது என்றால் தொடருக்கு எட்டு இலக்க ஐஎஸ்எஸ்என் எண்ணும் பெறலாம். இரண்டும் ஒரே புத்தகத்தில் சேர்ந்து வரலாம். முதுகில் தொடர்ப் பெயர், ஆண்டு, வெளியீட்டுச் சின்னம் மூன்றும் ஒவ்வோர் ஆண்டும் அதே உயரத்தில் நிற்கும்படி முதல் ஆண்டிலேயே அளவு குறித்து வையுங்கள். அலமாரியில் நான்கு தொகுதி சேர்ந்து நிற்கும்போது அது தெரியும்.

மெய்ப்பை மூன்று பேர் பாருங்கள், அதில் ஒருவர் இதுவரை ஒரு கதையும் படிக்காதவராக இருக்கட்டும். அவரிடம் பிழைப் பட்டியலோடு இன்னொன்றும் கேளுங்கள்: ஒவ்வொரு கதையிலும் முடிவை எந்தப் பக்கத்தில் ஊகித்தார்? பக்க எண்ணைப் பென்சிலில் குறிக்கச் சொல்லுங்கள். எட்டாவது கதையிலிருந்து ஊகம் முன்னால் முன்னால் நகர்ந்தால் வரிசையில் தவறு இருக்கிறது. மெய்ப்புக் கட்டத்திலும் இரண்டு கதையை இடம் மாற்றலாம். பக்க எண்ணும் உள்ளடக்கமும் மாறும், அவ்வளவுதான்.

புத்தகம் வெளிவந்த வாரத்தில் ஆசிரியர்களுக்குப் பிரதிகளும் சன்மானமும் போய்ச் சேர வேண்டும். அதே வாரத்தில் விரிதாளின் நகலை எடுத்து அடுத்த ஆண்டின் பெயரில் சேமித்து, இந்த ஆண்டு எடுத்துக்கொண்ட 15 கதையின் வரிகளை மட்டும் சிவப்பில் விட்டுவையுங்கள். தனியுரிமைக் காலம் முடியும் தேதியையும் ஒவ்வொரு வரியிலும் குறியுங்கள். அடுத்த அழைப்பை எழுத உட்காரும்போது, பாழடைந்த பங்களா எத்தனை வந்தது, 'இறை' நெடுவரிசை இந்த முறையும் காலியாக இருந்ததா என்று அந்தச் சிவப்பு வரிகளே சொல்லிவிடும்.